பல்கலைக்கழகத்துக்கு ஒரே குரல்: சுற்றறிக்கையிலிருந்து தொடங்குங்கள்

நீங்கள் ஒரு பல்கலைக்கழகத்தின் மக்கள் தொடர்புப் பிரிவிலோ சேர்க்கைப் பிரிவிலோ வேலை பார்க்கிறீர்கள். இணையதளம் ஒரு மாதிரி பேசுகிறது, தேர்வுப் பிரிவு வேறு மாதிரி பேசுகிறது, விடுதி அலுவலகம் மிரட்டுகிறது, விளம்பரம் கொஞ்சுகிறது. எல்லாவற்றையும் ஒரே குரலுக்குக் கொண்டுவரும் பொறுப்பு உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. இந்த அத்தியாயம் அந்த வேலையை எந்த வரிசையில் செய்வது என்று சொல்கிறது.

பெரும்பாலோர் இதை லோகோவிலும் புதிய முழக்க வரியிலும் தொடங்குகிறார்கள். அது கடைசியில் வர வேண்டிய வேலை. சேர்வதற்கு முன் ஒரு மாணவர் உங்கள் விளம்பரத்தை நாலைந்து முறை பார்த்திருப்பார். சேர்ந்தபின் மூன்று ஆண்டுகள் அவர் கைக்கு வருபவை சுற்றறிக்கை, கட்டண நினைவூட்டல், ஹால் டிக்கெட்டில் அச்சான விதிகள், அறிவிப்புப் பலகை, தொலைபேசியில் கிடைக்கும் பதில் ஆகியவைதான். வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கும் அதன் பெற்றோருக்கும் பல்கலைக்கழகம் என்பதே இந்தத் தாள்கள்தாம். எனவே அங்கிருந்து தொடங்குகிறோம்.

முடிவில் உங்கள் கையில் மூன்று பொருள்கள் இருக்கும்: ஒரு பக்கச் சேதித்தாள், பத்துப் பக்கத்துக்கு மிகாத நடைக் கையேடு, அடிக்கடி அனுப்பும் 30 அறிவிப்புகளின் திருத்திய மாதிரிகள். நிதானமாகச் செய்தால் ஒரு செமஸ்டர் ஆகும்.

இறங்கும் முன்

பதிவாளரின் கையெழுத்தோடு ஓர் ஆணை வாங்குங்கள். அது இல்லாமல் தேர்வுப் பிரிவு தன் பழைய மாதிரிகளை உங்களுக்குக் காட்டக்கூட மறுக்கலாம். ஆணையில் இரண்டு வரி போதும்: எந்தக் குழு, எந்தத் தேதிக்குள்.

குழுவில் ஆறு பேருக்கு மேல் வேண்டாம். மக்கள் தொடர்பு அலுவலர், தேர்வுப் பிரிவுக் கண்காணிப்பாளர் ஒருவர், சேர்க்கைப் பிரிவில் தொலைபேசி எடுப்பவர், தமிழ்த்துறை ஆசிரியர் ஒருவர், மாணவர் இருவர். மாணவரில் ஒருவர் விடுதியில் தங்குபவராகவும் முதல் தலைமுறைப் பட்டதாரியாகவும் இருக்கட்டும். தொலைபேசி எடுப்பவரை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். பல்கலைக்கழகத்தின் குரல் நேரடியாக அவர் தொண்டையிலிருந்துதான் வருகிறது.

படி 1: பேசியதையெல்லாம் சேகரியுங்கள்

1. கடந்த 12 மாதங்களில் வெளியே போன எல்லாவற்றையும் அச்செடுங்கள்: சுற்றறிக்கை, குறுஞ்செய்தி, மின்னஞ்சல், பிராஸ்பெக்டஸ், நாளிதழ் விளம்பரம், பேருந்தின் பின்பக்க விளம்பரம், பட்டமளிப்பு விழா அழைப்பிதழ், விடுதி விதிகள், வாசலில் காவலர் அறைக்குப் பக்கத்தில் தொங்கும் பலகை. அச்செடுக்க முடியாததைப் படம் பிடியுங்கள்.
2. ஒரு வகுப்பறைச் சுவரில் துறைவாரியாக ஒட்டுங்கள். கணினித் திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்தால் முரண்பாடு கண்ணில் படாது. சுவரில் பட்டுவிடும்.
3. மூன்று நிறப் பேனா எடுங்கள். மிரட்டும் வாக்கியங்களுக்குச் சிவப்பு, புரியாத வாக்கியங்களுக்கு நீலம், நிரூபிக்க முடியாத பெருமைகளுக்குப் பச்சை.
4. வெளி எண்ணிலிருந்து உங்கள் அலுவலகத்துக்கே பத்து முறை அழையுங்கள். ஒரே கேள்வியை வெவ்வேறு பிரிவுகளில் கேட்டு, வந்த பதிலை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பெயர் எழுத வேண்டாம். யாரையும் மாட்டிவிடுவதற்காக இதைச் செய்யவில்லை என்று குழுவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சுவர் நிறைந்ததும் துணைவேந்தரை ஒருமுறை அந்த அறைக்கு அழைத்து வாருங்கள். விளக்கவுரை எதுவும் தேவையில்லை.

படி 2: மே மாதத்தில் சேர்க்கை அறையில் உட்காருங்கள்

பிளஸ் டூ முடிவு வந்தபின் பெற்றோர் கூட்டம் கூட்டமாக வரும் நாள்களில் குறைந்தது மூன்று நாள் அங்கே உட்கார்ந்து, அவர்கள் கேட்பதைக் கேட்ட சொற்களிலேயே எழுதுங்கள். வழவழப்பான கேள்வித்தாள் கொடுத்து நிரப்பச் சொல்வதைவிட இது பல மடங்கு மேல்.

நான் இப்படி உட்கார்ந்திருந்த ஓர் இடத்தில் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை: "ஹாஸ்டல்ல இடம் உறுதியா கிடைக்குமா சார்?" "ஃபீஸை ரெண்டு தவணையா கட்டலாமா?" "முதல் பட்டதாரி சர்டிஃபிகேட் இருக்கு, எவ்வளவு குறையும்?" "பஸ் எங்க ஊர் வழியா வருமா?" "இதைப் படிச்சா டி.என்.பி.எஸ்.சி. எழுதலாமா?" அந்தப் பல்கலைக்கழகத்தின் பிராஸ்பெக்டஸை விரித்துப் பார்த்தேன். முதல் எட்டுப் பக்கம் உலகத்தரம், கனவு, சிகரம். இந்த ஐந்து கேள்விகளில் ஒன்றுக்கும் அதில் பதில் இல்லை. ஒரு தந்தை அந்த வண்ணப் புத்தகத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பியூனிடம் போய்த் தவணையைப் பற்றி விசாரித்தார். இந்த வேலை எதற்கு என்ற சந்தேகம் எனக்கு அதன்பின் வரவே இல்லை.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்து உயர்கல்விக்கு வரும் மாணவிகளுக்கு 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இப்படி ஒரு உதவி இருப்பதையும், அதற்கு உங்கள் வளாகத்தில் எந்த மேசையை அணுக வேண்டும் என்பதையும் சொல்லும் ஒரு பத்தி, எட்டுப் பக்கக் கனவைவிடப் பெற்றோர் மனத்தில் நிற்கும்.

படி 3: சேதியை ஒரே தாளில் அடக்குங்கள்

தாளின் மேலே ஒரு வாக்கியம்: நாம் யார், யாருக்காக, எதை நன்றாகச் செய்கிறோம். அதன் கீழே மூன்று துணை வாக்கியங்கள். ஒவ்வொரு துணை வாக்கியத்துக்கும் பக்கத்தில் இரண்டு சான்றுகள். சான்று கிடைக்காத வாக்கியத்தை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், அடித்துவிடுங்கள்.

எழுதியதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரை அழித்துவிட்டுப் பக்கத்து மாவட்டத்துப் பல்கலைக்கழகத்தின் பெயரை அங்கே எழுதுங்கள். வாக்கியம் அப்போதும் பொருந்தினால் அது உங்களுடையது அன்று. "கனவுகளுக்குச் சிறகு தருகிறோம்" எவருக்கும் பொருந்தும். தஞ்சாவூரில் 1981இல் தமிழ் ஆய்வுக்கென்றே தொடங்கிய பல்கலைக்கழகம் தன்னைப் பற்றி எழுதும் வாக்கியம் வேறு எங்கும் பொருந்தாது. கொடைக்கானலில் 1984இல் பெண்களுக்கென்று தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்துக்கும் அப்படித்தான். உங்களுக்கு அவ்வளவு வெளிப்படையான தனித்தன்மை இல்லாமல் இருக்கலாம். கவலை வேண்டாம். உங்கள் சுற்றுவட்டாரத்து மண்ணும் தொழிலும் மாணவரும் உங்களுடையவை, அவற்றிலிருந்து தொடங்குங்கள்.

*வயதைச் சொல்லும்போது கவனம்.* சேதித்தாளில் அதிகம் தடுமாறும் இடம் ஆண்டுதான். சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கிய 1857இல்தான் கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களும் தொடங்கின. ஆகவே "அந்த முதல் மூன்றில் ஒன்று" என்பது சரி, "முதலாவது" என்பது வம்பு. கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் 1794இன் நில அளவைப் பள்ளிவரை போகிறது; அண்ணா பல்கலைக்கழகம் தொடங்கியது 1978. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் வேர் 1868இன் சைதாப்பேட்டை வேளாண் பள்ளி, பல்கலைக்கழகமானது 1971. இரண்டு ஆண்டுகளும் உண்மைதான். எது கல்லூரியின் வயது, எது பல்கலைக்கழகத்தின் வயது என்பதைக் கையேட்டில் ஒருமுறை முடிவு செய்து, எல்லாத் துறையும் அதையே எழுத வேண்டும். பட்டமளிப்பு அழைப்பிதழில் ஓர் ஆண்டும் இணையதளத்தில் வேறோர் ஆண்டும் இருந்தால், பார்ப்பவருக்கு மற்ற எண்கள்மேலும் ஐயம் வரும்.

இலச்சினைக்குக் கீழே பொறித்திருக்கும் பழைய குறிக்கோள் வரியைத் தொடாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இலத்தீனில் இருக்கிறது, பாரதிதாசன் பல்கலைக்கழகத்துக்கு அந்தக் கவிஞரின் வரியே இருக்கிறது. அவை முன்னாள் மாணவர்களின் சொத்து. விளம்பர முழக்கத்தை அதனோடு போட்டிபோட விட வேண்டாம்.

படி 4: குரலுக்கு ஓர் ஆளைத் தேடுங்கள்

"நட்பான, தொழில்முறையான, புதுமையான" என்று மூன்று பெயரடைகளை எழுதி வைப்பதால் பயன் இல்லை. அதைப் படித்துவிட்டு எந்த எழுத்தரும் வேறு மாதிரி எழுதப்போவதில்லை. இப்படிச் செய்யுங்கள்.

எல்லாப் பல்கலைக்கழகத்திலும் ஓர் ஆள் இருப்பார். சான்றிதழில் பெயர் தவறாக வந்துவிட்டது, அரியர் தேர்வுக்குப் பணம் கட்ட மறந்துவிட்டது என்று எவர் தவித்து நின்றாலும், "அவங்களைப் போய்ப் பாரு" என்று மற்றவர்கள் கைகாட்டும் ஒருவர். பெரும்பாலும் ஒரு கண்காணிப்பாளரம்மாவோ, நூலகத்தில் நெடுநாள் இருப்பவரோ. அவர் விதியைத் தளர்த்துவதில்லை. ஆனால் விதி என்ன, உனக்கு இப்போது என்ன வழி இருக்கிறது, எந்தத் தாளோடு எங்கே போக வேண்டும் என்று நிதானமாகச் சொல்வார். அனுமதி வாங்கி ஒரு நாள் அவர் அருகில் உட்கார்ந்து, அவர் வாக்கியங்களை எழுதுங்கள். உங்கள் குரல் அதுதான். குழுவில் யாருக்காவது ஐயம் வந்தால், "இதை அவர் இப்படிச் சொல்வாரா?" என்று கேட்டுக்கொண்டால் போதும்.

அந்தப் பேச்சிலிருந்து விதிகளைப் பிரித்தெடுங்கள். எல்லா இடத்திலும் அநேகமாகப் பொருந்துபவை இவை:

- மாணவரையும் பெற்றோரையும் "நீங்கள்" என்று அழையுங்கள். "தாங்கள்" அழைப்பிதழுக்கு இருக்கட்டும்.
- பல்கலைக்கழகம் தன்னை "நாங்கள்" என்று சொல்லட்டும். "தள்ளிவைக்கப்பட்டுள்ளது" என்பதைவிட "தள்ளிவைத்திருக்கிறோம்" என்பதில் பொறுப்பு யாருடையது என்று தெரிகிறது.
- "யாதெனில்", "மேற்படி", "தவறும் பட்சத்தில்", "இதன்மூலம் அறிவுறுத்தப்படுகிறது" ஆகியவற்றுக்கு விடைகொடுங்கள்.
- "பெற்றோர்" என்று மட்டும் எழுதாமல் "பெற்றோர் அல்லது பாதுகாவலர்" என்று எழுதுங்கள். பாட்டி வீட்டிலிருந்து வரும் பிள்ளைகள் உங்கள் வகுப்பறையில் இருக்கிறார்கள்.
- இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் பேச்சுத்தமிழ் பொருந்தும். பதிவாளர் பெயரில் வரும் அறிவிப்பில் பொருந்தாது.

ஒரே குரல் என்றால் எங்கும் ஒரே தொனி என்று பொருள் இல்லை. அந்தக் கண்காணிப்பாளரம்மா திருமண வீட்டில் பேசுவது போல இழவு வீட்டில் பேசமாட்டார். இரண்டு இடத்திலும் அவர் அவராகவே இருப்பார். இதைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் பட்டமளிப்பு விழாச் செந்தமிழை யாரோ ஒருவர் கட்டண நினைவூட்டலில் இறக்கிவைப்பார்.

படி 5: பெயரும் சொல்லும்

பெயரில் ஏற்படும் குழப்பம் சின்னதாகத் தோன்றும். அண்ணா, அண்ணாமலை, பாரதியார், பாரதிதாசன் (இவ்விரண்டும் ஒரே 1982இல் தொடங்கியவை) என்று ஒலி நெருங்கிய பெயர்கள் நம்மிடம் உண்டு. திருநெல்வேலிப் பல்கலைக்கழகத்தின் பெயரை "மனோன்மணீயம்" என்று நெடிலிலும் "மனோன்மணியம்" என்று குறிலிலும் எழுதிப் பார்த்திருப்பீர்கள். பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட நாடகத்தின் பெயர் நெடிலில்தான். எம்.எஸ்.யூ. என்று சுருக்கினாலோ பரோடாவிலும் ஓர் எம்.எஸ்.யூ. இருக்கிறது.

கையேட்டில் இவற்றை முடிவு செய்யுங்கள்: முழுப்பெயர் தமிழில் எழுத்துக்கு எழுத்து எப்படி, ஆங்கிலத்தில் எப்படி, சுருக்கப் பெயர் எது, அதை எங்கே பயன்படுத்தக் கூடாது. சுருக்கப் பெயரை மாற்ற நினைத்தால் முதலில் உள்ளே இருப்பவர்களைக் கேளுங்கள். லண்டனின் கிங்ஸ் காலேஜ் 2014 டிசம்பரில் பெயரிலிருந்து "காலேஜ்" என்ற சொல்லை எடுத்துவிட்டு அறிமுகமாகத் திட்டமிட்டது. மாணவரும் முன்னாள் மாணவரும் எதிர்க்க, அடுத்த மாதமே கைவிட்டது.

பிறகு ஒரு சொற்பட்டியல். செமஸ்டரா பருவமா, விடுதியா ஹாஸ்டலா, கணினி அறிவியலா கம்ப்யூட்டர் சயின்ஸா? என் கருத்து: மாணவர் வாயில் எந்தச் சொல் இருக்கிறதோ அதை முதலில் எழுதி, ஆவணத்தில் இருக்கும் சொல்லை அடுத்து எழுதுங்கள். இரண்டாவது முறையிலிருந்து ஒன்று போதும். ஹால் டிக்கெட், அரியர், டி.சி., போனஃபைடு ஆகியவற்றை அப்படியே விடுங்கள். புரிகிற சொல்லைப் புரியாத சொல்லால் மாற்றுவது தமிழுக்கும் உதவாது, மாணவருக்கும் உதவாது.

படி 6: சுற்றறிக்கையைத் திருத்தி எழுதுங்கள்

இந்தப் படிக்கு மற்ற எல்லாப் படிக்கும் சேர்த்து ஒதுக்கும் அளவுக்கு நேரம் ஒதுக்குங்கள். முதலில் ஒரு மாதிரி. இப்படி ஒன்றை நீங்கள் எங்கும் பார்க்கலாம்:

"அனைத்து இளநிலை மற்றும் முதுநிலை மாணாக்கர்களுக்கும் இதன்மூலம் தெரிவிக்கப்படுவது யாதெனில், நடப்புப் பருவத்திற்கான தேர்வுக் கட்டணத்தினைக் குறிப்பிடப்பட்டுள்ள தேதிக்குள் செலுத்தத் தவறும் பட்சத்தில் தேர்வெழுத அனுமதிக்கப்பட மாட்டார்கள் எனவும், இதுகுறித்து எவ்விதக் கோரிக்கையும் பரிசீலிக்கப்பட மாட்டாது எனவும் கண்டிப்புடன் அறிவுறுத்தப்படுகிறது."

இதில் தேதி இல்லை, தொகை இல்லை, கட்டும் இடம் இல்லை. இருப்பது மிரட்டல் மட்டும். திருத்தியது:

"நவம்பர் தேர்வுக்கான கட்டணத்தை அக்டோபர் 10 மாலை 5 மணிக்குள் கட்டுங்கள். மாணவர் இணையப் பக்கத்தில் 'தேர்வுக் கட்டணம்' என்ற பகுதியில் கட்டலாம். எவ்வளவு என்பதும் அங்கேயே இருக்கும். தவறினால் அக்டோபர் 17 வரை அபராதத்துடன் கட்டலாம். அதற்குப் பிறகு கட்ட இயலாது; இந்தத் தேர்வை எழுதவும் முடியாது. பணம் புரட்டுவதில் சிரமம் இருந்தால் அக்டோபர் 10க்கு முன்பே உங்கள் துறைத்தலைவரைப் பாருங்கள்."

விதி ஒன்றுகூடத் தளரவில்லை. மாணவருக்கு வழி தெரிகிறது, அவ்வளவுதான். எழுதும் வரிசை:

1. யார், என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள் என்பதை முதல் வாக்கியத்தில் வையுங்கள்.
2. எங்கே, எப்படி, எவ்வளவு.
3. தவறினால் என்ன ஆகும். ஒரே முறை, அடைமொழி இல்லாமல்.
4. சிரமம் இருந்தால் யாரைப் பார்ப்பது. இந்த வரி இல்லாத அறிவிப்புக்குக் குழு ஒப்புதல் தரக் கூடாது.
5. சட்ட மேற்கோள், ஆணை எண் ஆகியவை அடியில் சிறிய எழுத்தில்.
6. முடித்தபின் குழுவிலுள்ள மாணவரிடம் கொடுத்து, "இப்போது நீ என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். "புரிகிறதா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் தலையாட்டுவார்கள்.

*தேதிக் குறிப்பு.* 05/06 என்று எழுதினால் மேயா ஜூனா என்ற குழப்பம் வரும். மாதத்தின் பெயரை எழுதுங்கள். "இரவு 12 மணிவரை" என்றால் எந்த நாள் இரவு? "இரவு 11.59" என்று எழுதுங்கள்.

*எழுத்துருக் குறிப்பு.* பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய அறிவிப்பை நகலெடுத்துக் கைபேசியில் ஒட்டினால் புரியாத ரோமன் எழுத்துக் குவியலாக வரும். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010இலேயே. தாளில் கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து படமாகப் போடுவதும் தவறுதான். தேடினால் அகப்படாது, பார்வைக் குறையுள்ள மாணவரின் திரைவாசிப்பான் அதைப் படிக்காது. கையெழுத்திட்ட படிவம் கோப்பில் இருக்கட்டும், இணையதளத்தில் எழுத்தாகவே போடுங்கள்.

*இரு மொழிக் குறிப்பு.* ஆங்கிலத்தில் எழுதிவிட்டு அதைத் தமிழாக்கச் சொல்லாதீர்கள். தகவல் குறிப்பை மட்டும் இருவருக்குக் கொடுத்து, ஒருவர் தமிழிலும் ஒருவர் ஆங்கிலத்திலும் நேரடியாக எழுதட்டும். பிறகு தேதியும் தொகையும் இரண்டிலும் ஒத்துப்போகின்றனவா என்று மூன்றாமவர் பார்க்கட்டும்.

எச்சரிக்கை: சொல்லக் கூடாதவை, சொல்லும் முன் பார்க்க வேண்டியவை

இந்தப் பகுதியை உங்கள் சட்ட அலுவலருடன் சேர்ந்து படியுங்கள்.

*"பல்கலைக்கழகம்" என்ற சொல்.* 1956இன் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் தகுதி பெற்றவை நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து, அவை பெயரோடு வெறுமனே "பல்கலைக்கழகம்" என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்று மானியக் குழு 2017 நவம்பரில் அறிவுறுத்தியது. உங்களுடையது நிகர்நிலை என்றால் ஃபிளெக்ஸ் அடிக்கும் கடைவரை இந்த விதி போய்ச் சேர வேண்டும்.

*தரமும் தரவரிசையும்.* நாக் தகுதி என்றால் எந்தச் சுற்று, எந்த ஆண்டுவரை செல்லும் என்று எழுதுங்கள். காலாவதியான தகுதியை நுழைவாயில் வளைவில் தொங்கவிட வேண்டாம். என்.ஐ.ஆர்.எஃப். பட்டியல் 2016 முதல் வருகிறது. அதில் ஒட்டுமொத்தம், பல்கலைக்கழகம், பொறியியல் என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. ஆண்டையும் பிரிவையும் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வது படிப்பவரை ஏமாற்றுவது.

*"100 சதவீத வேலைவாய்ப்பு".* விளம்பரத் தர மன்றத்தின் விதிகளும் 2019இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் ஆதாரமில்லாத வாக்குறுதியை அனுமதிப்பதில்லை. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய்வரை அபராதம், மீண்டும் செய்தால் 50 லட்சம்வரை. சட்டத்தை விடுங்கள், நிலத்தை அடகு வைத்துச் சேர்க்கும் குடும்பம் இந்த வரியை நம்பித்தான் சேர்க்கிறது. எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேர் வேலைக்குப் பதிவு செய்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று மூன்று எண்களையும் கொடுங்கள். ஊதியத்தில் உச்சத்தை மட்டும் போடாதீர்கள். எல்லாரையும் ஊதிய வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது எவ்வளவு என்பதையும் போடுங்கள்.

*மாணவர் படம்.* முதலாண்டு மாணவர் பலருக்கு 17 வயதுதான். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 நிறையாதவரைக் குழந்தையாகவே கொள்கிறது. எழுத்தில் ஒப்புதல் இல்லாத முகத்தைப் போஸ்டரில் ஏற்ற வேண்டாம். உதவித்தொகை பெறுவோரின் பெயர்ப் பட்டியலைச் சாதிப் பிரிவோடு பலகையில் ஒட்டும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். பதிவெண் போதும்.

படி 7: நெருக்கடிக்கு முன்கூட்டியே எழுதி வையுங்கள்

நம்மூரில் வடகிழக்குப் பருவமழையும் நவம்பர், டிசம்பர்த் தேர்வுகளும் ஒன்றாகவே வருகின்றன. தேர்வு தள்ளிப்போகிறதா என்ற பதற்றத்தில் போலி அறிவிப்பு ஒன்று வாட்ஸ்அப்பில் உங்களுக்கு முன்பே சுற்றிவிடும். ஆகஸ்டிலேயே இந்த மாதிரியை ஆயத்தமாக வையுங்கள்:

"அறிவிப்பு எண் 3. நவம்பர் 27, மாலை 6.15. நாளை (நவம்பர் 28) நடக்கவிருந்த எல்லாத் தேர்வுகளையும் எல்லா மாவட்டங்களிலும் தள்ளிவைத்திருக்கிறோம். நவம்பர் 29 முதல் உள்ள தேர்வுகளில் இப்போதைக்கு மாற்றம் இல்லை. புதிய தேதியை டிசம்பர் 1 மாலைக்குள் இணையதளத்தின் முதல் பக்கத்தில் வெளியிடுவோம். அறிவிப்பு எண் 2 இனிச் செல்லாது. அடுத்த அறிவிப்பு நாளை காலை 10 மணிக்கு."

எண்ணும் நேரமும் இருப்பதால் பழையது எது, புதியது எது என்று எவரும் சொல்லிவிடலாம். சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் சொன்னபடி காலை 10 மணிக்கு வந்து "மாற்றம் இல்லை" என்று சொல்லுங்கள்.

மாணவர் ஒருவர் இறந்துபோனால் குடும்பத்துக்குத் தெரிவிக்கும் முன் ஒரு சொல்லும் வெளியே போகக் கூடாது. தற்கொலை என்றால் விதத்தையோ இடத்தையோ காரணத்தைப் பற்றிய ஊகத்தையோ எழுதக் கூடாது. மதிப்பெண்ணோடு முடிச்சுப்போடக் கூடாது. வளாக ஆலோசகர் எங்கே இருக்கிறார் என்பதையும், டெலி மானஸ் உதவி எண் 14416ஐயும் அறிவிப்பில் சேருங்கள். பாலியல் துன்புறுத்தல் புகாரில் புகார் கொடுத்தவர், எதிர்த்தரப்பு, சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தையும் விசாரணை விவரத்தையும் வெளியிட 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தடை விதிக்கிறது. "பல்கலைக்கழகத்தின் நற்பெயருக்குக் களங்கம்" என்ற சொற்றொடர் எந்த நெருக்கடி அறிக்கையிலும் வரக் கூடாது. அடிபட்டவரை விட்டுவிட்டு உங்களைப் பற்றி நீங்கள் பேசுகிறீர்கள் என்றுதான் அது ஒலிக்கும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

- *வெளியாள் கண்ணில் சோதிக்காதது.* அமெரிக்காவின் டிரேக் பல்கலைக்கழகம் 2010இல் தன் பெயரின் முதல் எழுத்தோடு கூட்டல் குறி சேர்த்து "டி பிளஸ்" என்று சேர்க்கை விளம்பரம் செய்தது. அங்கே அது மட்டமான மதிப்பெண்ணின் பெயர்.
- *புதுமை மோகம்.* கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2012இல் கொண்டுவந்த புதிய சின்னத்துக்கு எதிராக 50,000 பேருக்கு மேல் கையெழுத்திட, அதே ஆண்டு டிசம்பரில் அதை நிறுத்தியது.
- *இணைவுக் கல்லூரிகளை மறப்பது.* உங்கள் பெயரை வெளியில் அதிகம் அச்சடிப்பவர்கள் அவர்கள்தான். பெயரும் இலச்சினையும் எப்படி வர வேண்டும் என்ற ஒரு பக்கத்தை அவர்களுக்கும் அனுப்புங்கள்.
- *கையேட்டைத் தடிமனாக்குவது.* நூறு பக்கக் கையேட்டைத் தட்டச்சர் திறந்து பார்க்கமாட்டார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கும்படி ஒரு பக்கச் சுருக்கம் அடியுங்கள்.

நடைமுறைக்குக் கொண்டுவருதல்

1. தேர்வுப் பிரிவு, விடுதி, சேர்க்கை ஆகிய மூன்றில் மட்டும் முதலில் தொடங்குங்கள். சிவப்பு மை அதிகம் விழுந்தது அங்கேதான் இருந்திருக்கும்.
2. எழுத்தர்களுக்கு அரை நாள் பயிற்சி. அவர்கள் எழுதிய சுற்றறிக்கையையே அவர்கள் கையால் திருத்தச் சொல்லுங்கள். பழையது யார் எழுதியது என்று காட்டாதீர்கள். பலர் முப்பது ஆண்டுகளாகக் கோப்பில் பார்த்த நடையைத்தான் எழுதுகிறார்கள், அதில் அவர்கள் குற்றம் எதுவும் இல்லை.
3. ஒப்புதல் இரண்டு கையெழுத்துக்கு மேல் போகக் கூடாது. நான்காவது மேசையைத் தாண்டும்போது "யாதெனில்" திரும்பி வந்துவிடும்.
4. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு வார அறிவிப்புகளை மட்டும் சுவரில் ஒட்டி, அதே மூன்று பேனாக்களோடு பாருங்கள்.
5. அடுத்த மே மாதம், முடிவுகள் வந்த மறுநாள் காலை 10 மணிக்கு, பிராஸ்பெக்டஸில் அச்சான எண்ணுக்கு நீங்களே வெளியிலிருந்து அழையுங்கள். மணி எத்தனை முறை அடிக்கிறது என்று எண்ணுங்கள். எடுத்தவரிடம் "ஃபீஸை ரெண்டு தவணையா கட்டலாமா?" என்று கேட்டு, வந்த பதிலைச் சேதித்தாளின் பின்பக்கத்தில் தேதியோடு எழுதி வையுங்கள்.